பீச்சாங்கைத் துணி

அந்த ஸ்பாஞ்சின் நாற்றத்தில்தான் எல்லாமே ஆரம்பித்தது.

ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த கேன்டீன் அது. மேல் மாடிகளில் தின்று முடித்து வைத்துவிட்டுப் போகிற தட்டெல்லாம் ஒரு குட்டி லிஃப்டில் ஏறிக் கடகடவென்று கீழே இறங்கும். இறங்குகிற இடத்தில் சிங்க். சிங்க்குக்கு முன்னால் வாலு.

வாலு என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். நின்ற இடத்தில் நிற்கமாட்டாள், வாயும் சும்மா இருக்காது. யாரோ அவளைத் தேடி வந்து வாசலில் "வாலு இருக்காளா?" என்று கேட்டதிலிருந்து கேன்டீனிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

புது ஸ்பாஞ்சு வந்த அன்றைக்கு மஞ்சளும் பச்சையுமாகப் பளிச்சென்று சிரிக்கும். வாரம் திரும்புவதற்குள் மழையில் நனைந்த சாக்ஸ் மாதிரி நாற ஆரம்பித்துவிடும். சோப்பு போட்டுப் பார்த்தாள், வெந்நீரில் ஊறவைத்துப் பார்த்தாள். ம்ஹூம். அந்த நாற்றம் கையில் ஏறி, வீடுவரைக்கும் கூடவே வரும். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்தால் தன் கையே தன் மூக்குக்கு நேராக வந்து நிற்கும். தன் கையிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு பயணம் செய்கிற ஒரே ஆள் உலகத்தில் தானாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றும்.

"ஏய் வாலு, பாத்திரத்தைத் தேய்க்கிறியா, தடவிக் குடுத்துத் தூங்க வைக்கிறியா?" என்பார் கேன்டீன் மாஸ்டர்.

"ஸ்பாஞ்சு செத்துப்போச்சு மாஸ்டர். துக்கம் விசாரிச்சுக்கிட்டு இருக்கேன்."

"சீக்கிரம் எடுத்துப் போடு. அடுத்த லிஃப்ட் தட்டு வந்துக்கிட்டே இருக்கு."

அவளுக்கு அந்த சிங்க்கைவிட்டு வெளியே வரவேண்டும். வேறு பெரிய ஆசை ஒன்றுமில்லை. நாள் முழுக்கக் கை ஈரமாகாத ஒரு வேலை. அவ்வளவுதான்.

வீட்டில் அவளுக்கு ஓர் அக்கா. புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். ஏன் வந்தாள் என்று அம்மா கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்தப் பெட்டியில் நாலு துணியும், ஒரு குரோஷாக் கொக்கியும், நூலும் இருந்தன. வந்த நாளிலிருந்து சோபாவின் அதே மூலையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டே இருந்தாள்.

அக்காவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு பூ. நடுவிலிருந்து கிளம்பி வட்டவட்டமாகச் சுற்றிக்கொண்டே போகிற வெள்ளைப் பூ. அதையே சின்னதாகப் பின்னுவாள், பெரிதாகப் பின்னுவாள். டிவி மேல் ஒன்று, தண்ணீர்க் கூஜா மேல் ஒன்று, அம்மாவின் மாத்திரை டப்பாவுக்கு அடியில்கூட ஒன்று. ஒன்றையும் யாரும் தொடக்கூடாது. கூஜாவிலிருந்து தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் முதலில் கையைக் கழுவிவிட்டு வரவேண்டும். தாகம் அதற்குள் தானாகவே அடங்கிவிடும்.

"எனக்கும் சொல்லிக் குடேன்க்கா" என்று வாலு ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"தள்ளி உக்காரு. உன் பீச்சாங்கைக்கு எல்லாம் தலைகீழா வரும்."

அது உண்மைதான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், அக்காவின் கொக்கி போகிற பக்கம் வாலுவின் இடது கைக்கு வருகிற பக்கமாக இருந்தது. நூல் முறுக்கிக்கொண்டு நின்றது. சின்ன வயதில் இடது கையால் எழுதினால் அம்மா ஸ்கேலால் தட்டுவாள். ஸ்கேல் உடைந்ததே தவிரக் கை மாறவில்லை.

பிறகு ஒருநாள் அக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். சும்மா நிமிர்ந்து பார்த்தாள். அக்காவின் வலது கை, தன் இடது கைக்கு நேர் எதிரே இருந்தது. கண்ணாடியில் தன்னையே பார்ப்பதுபோல. அக்கா கொக்கியை உள்ளே விட்டாள், நூலை இழுத்தாள். வாலுவின் விரல் பட்டாணித் தோலைப் பிடித்தபடியே அதைச் செய்துபார்த்தது. எதுவும் தலைகீழாக இல்லை.

அன்றிலிருந்து எதிரேதான் உட்கார்ந்தாள். உரிப்பதற்கு எதுவும் இல்லாவிட்டாலும்.

"என்னடி, எப்பப் பாத்தாலும் எதிர்லயே உக்காந்து மூஞ்சியைப் பாத்துக்கிட்டு இருக்க?"

"உன் மூஞ்சி அழகா இருக்குக்கா. அதான்."

அக்கா சிரித்துவிட்டாள். திரும்பி வந்த பிறகு அவள் சிரித்து வாலு பார்த்தது அப்போதுதான். அதனாலேயே, நிஜத்தில் எதைப் பார்க்கிறோம் என்பதை வாலு சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

பஸ் நிறுத்தத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு நூல்கடை. உள்ளே போனால் பருத்தியும் கம்பளியும் கலந்த வாசனை. சிங்க்கின் நாற்றத்தை மூக்கிலிருந்து துடைத்தெறிய வாலு தினமும் அங்கே நுழைவாள். எதையும் வாங்கமாட்டாள். நூல்கண்டுகளைப் பிடித்துப் பிடித்துப் பார்ப்பாள். கடைக்கார ஆன்ட்டி சங்கிலி கட்டிய மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "அமுக்கி அமுக்கி அதுக்கு மூச்சு முட்டிடப்போகுது" என்பாள்.

அந்த ஆன்ட்டிதான் ஒருநாள் சொன்னாள், கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி: "சனிக்கிழமை குரோஷா வகுப்பு ஆரம்பிக்கப்போறேன். சொல்லிக்குடுக்க ஆள் வேணும். பூ, பொம்மை எல்லாம் கொண்டுவராதீங்க. பாத்திரம் தேய்க்கிற துணி ஒண்ணு பின்னிட்டு வாங்க. பருத்தி நூல்ல. கையில பிடிச்சா சொரசொரன்னு மேடு பள்ளமா இருக்கணும். யாரோடது நல்லா இருக்கோ அவங்கதான் டீச்சர்."

"வெறும் சனிக்கிழமை மட்டுந்தானா ஆன்ட்டி?"

"நல்லாப் போச்சுன்னா தினமும். கடையையும் கூட இருந்து பாத்துக்கலாம்."

கடையையும் கூட இருந்து பாத்துக்கலாம். வாலு வீட்டுக்கு நடந்து போகவில்லை, துள்ளிக்கொண்டு போனாள்.

முதல் துணியை, ஆசை பொறுக்காமல், அக்கா கழித்துப்போட்டிருந்த பளபள நூலில் பின்னினாள். அது பருத்தி இல்லை, பிளாஸ்டிக் ஜாதி. தண்ணீரை உறிஞ்சவே மாட்டேன் என்றது. சூடான வாணலியைப் பிடித்தபோது உருகி, வாணலியோடு ஒட்டிக்கொண்டது. "துடைக்கிறதுக்குத் துணி கேட்டா, ஒட்டுப் போடறதுக்குத் துணி கொண்டு வந்திருக்கா" என்று மாஸ்டர் அடுப்படி முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

அப்புறம் பருத்தி நூல். இறுக்கிப் பின்னினாள், அட்டை மாதிரி விறைத்தது. தளர்த்திப் பின்னினாள், மீன்வலை. ஒரு குட்டைப் பின்னல், ஒரு நெட்டைப் பின்னல், அடுத்த வரிசையில் குட்டையின் தலையில் நெட்டை, நெட்டையின் தலையில் குட்டை என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாள். பார்க்க மணல் தூவினாற்போல் அழகாகத்தான் இருந்தது. ஆனால் காய்ந்த முட்டை அந்தக் குழிகளுக்குள் குடியேறிவிட்டு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

கடைசியில் அந்த யோசனை சிங்க்குக்கு முன்னால் நிற்கும்போதே வந்தது. பின்னலின் தலைக்குள் கொக்கியை நுழைக்காமல், அதன் தண்டைச் சுற்றி விட்டால்? விட்டாள். அந்தப் பின்னல் துணியைவிட்டு எழுந்து வரப்புபோல மேடாக நின்றது. ஒவ்வொரு முறையும் அதை ஓர் இடம் நகர்த்திப் போட்டாள். வரப்புகள் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குச் சாய்வாக ஓடின. வரப்புக்கும் வரப்புக்கும் நடுவே ஓர் ஓடை. அழுக்கு அதில் இறங்கி, அலசினால் வழிந்து போய்விடும்.

பால் அடிப்பிடித்த சட்டி ஒன்றை மாஸ்டர் தூக்கிப்போடப் போனார். வாலு பிடுங்கிக்கொண்டாள். துணியை வைத்து நாலு தேய் தேய்த்தாள். சட்டியின் அடியில் மாஸ்டரின் முகம் தெரிந்தது.

மாஸ்டர் துணியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தத் துணியை மட்டும் வேலைக்கு வெச்சுக்கிட்டு உன்னை அனுப்பிடலாம் போலிருக்கே."

"அனுப்புங்க மாஸ்டர். அதுக்குத்தானே பின்னினேன்."

அதேபோலப் புதிதாக ஒன்று பின்னினாள், இளமஞ்சள் நிறத்தில். ஓரம் கோணாமல், ஒவ்வொரு வரிசையின் கடைசிப் பின்னலையும் விடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னினாள். துணி கொடுக்கவேண்டிய நாளில் மேல்மாடியில் ஏதோ கூட்டம். கேன்டீனில் எல்லாரும் கூடுதல் நேரம் நிற்க வேண்டும் என்றுவிட்டார்கள். காலையில் கிளம்பும்போது துணியை அம்மாவிடம் கொடுத்தாள்.

"அம்மா, இதை நூல்கடையில குடுத்துடு. இன்னிக்குத்தான் கடைசி. என் பேரைச் சொல்லு. மறந்துடாத."

அம்மா விரலால் வரப்புகளைத் தடவிப் பார்த்தாள். "நல்லாத்தான்டி இருக்கு" என்றாள். சோபாவின் மூலையில் அக்கா கொக்கியைப் பாதியில் நிறுத்திவிட்டுத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் வாலு பஸ்ஸிலிருந்து இறங்கி ஓட்டமும் நடையுமாகக் கடைக்கு வந்தாள். கண்ணாடி ஜன்னலுக்குள் ஒரு கிளிப்பில் அவளுடைய இளமஞ்சள் துணி தொங்கியது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, காலுக்குக் கீழே தரையே இல்லை. துணிக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ ஒட்டியிருந்தது. 'சனிக்கிழமை வகுப்பு, எங்கள் ஆசிரியை' என்று மேலே எழுதியிருந்தது.

போட்டோவில் அக்கா. தலையை நன்றாகச் சீவி, கொக்கியைக் கையில் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி.

கதவைத் தள்ளிய வேகத்தில் மேலே கட்டியிருந்த மணி அலறியது.

"ஆன்ட்டி, அது நான் பின்னினது."

ஆன்ட்டி திடுக்கிடவில்லை. வாலுவை முதலில் குத்தியது அதுதான்.

"மெதுவாப் பேசு. ஆளுங்க இருக்காங்க." ஆன்ட்டி துணியைக் கிளிப்பிலிருந்து எடுத்து மேஜையில் விரித்தாள். ஒரு மூலையில் விரலை வைத்தாள். "ஆரம்பிச்ச நூலோட நுனி இங்க இருக்கு. வலதுகைக்காரங்க பின்னினா அந்த மூலையில இருக்கும். வரப்பு சாயறதும் எதிர்ப்பக்கம். இது இடதுகை வேலைன்னு வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்."

"அப்புறம்?"

"உங்கக்காவை வரச்சொன்னேன். வந்தா. கொக்கியை வலதுகையில பிடிச்சா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? பெரியவதான் பின்னினான்னு உங்கம்மா சொன்னாங்க. வீட்டுக்குள்ள இருக்கறதை நான் எதுக்குக் கிளறணும்?" ஆன்ட்டி கண்ணாடியைக் கழற்றிச் சங்கிலியில் தொங்கவிட்டாள். "பாரும்மா, வகுப்புக்குப் பேர் குடுத்தவங்க எல்லாருமே வலதுகை. உன்னை உக்கார வெச்சு நான் எப்படிச் சொல்லிக்குடுக்கச் சொல்றது? உங்கக்கா சாந்தமாப் பேசறா. நீ பேசினா நூலே அறுந்துடும்."

"பக்கத்துல உக்காந்து பாத்தாத்தானே ஆன்ட்டி தலைகீழாத் தெரியும்? எதிர்ல உக்காந்தாப் போதும். கண்ணாடி மாதிரி அப்படியே வரும். நான் அப்படித்தான் கத்துக்கிட்டேன். என் எதிர்ல உக்கார வைங்க எல்லாரையும், நான் காட்டறேன், இப்பவே வேணும்னாலும்..."

"கத்துக்க வர்றவங்களைக் கண்ணாடி பாக்கச் சொல்றியா?" ஆன்ட்டி சிரித்தாள். நூல் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தியும் எதற்கென்றே தெரியாமல் கூடச் சிரித்தாள். "ரெண்டாவது சனிக்கிழமை இந்தத் துணியைத்தான் சொல்லிக்குடுக்கணும், எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க. உங்கக்காவுக்கு நீயே பழக்கிவிடு. ஒரே வீடு, யார் செஞ்சா என்ன?"

போகும்போது ஒரு நூல்கண்டை அவள் கையில் திணித்தாள். வெளியே வந்து பார்த்தாள் வாலு. பாதிக் கண்டு. அதுவும் பருத்தி இல்லை, அந்தப் பளபள ஜாதி.

வீட்டுக்குள் நுழைந்ததும் கண்டை அம்மா காலடியில் எறிந்தாள். அது உருண்டு போய்ச் சோபாவுக்கு அடியில் நின்றது.

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்றாள் அம்மா. அவள் குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. "அவ வீட்டைவிட்டு வெளிய கால் வெச்சு எவ்வளவு நாளாச்சுன்னு நீ யோசிச்சியா? வாசல்ல யாராவது வந்தா உள்ள போய்ப் படுத்துக்கறா. அவளுக்கு ஒரு பிடிமானம் வேணும்டி. உனக்கென்ன, வேலை இருக்கு. எங்க தூக்கிப் போட்டாலும் எழுந்து நின்னுடுவ."

"பாத்திரம் கழுவறது ஒரு வேலையாம்மா?"

"அவளுக்கு அதுகூட இல்லையே."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டாக் குடுத்திருப்பியா?"

கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளோ என்னவோ. அழுதுவிட்டு, சண்டை போட்டுவிட்டு, கடைசியில் கொடுத்தாலும் கொடுத்திருப்பாள். அந்தப் போட்டோவில் அக்கா சிரித்ததுபோல அவள் இந்த வீட்டில் சிரித்ததே இல்லை. ஆனால் தானே கொடுக்கிற அந்த வாய்ப்பையும் அம்மா வாலுவிடமிருந்து எடுத்துவிட்டாள். கொடுத்திருப்பாளா என்பது இனி தெரியப்போவதே இல்லை.

"நான் கேக்கலடி" என்றாள் அக்கா, தலை நிமிராமல். "அம்மாதான் அங்க போய்ச் சொல்லிட்டு வந்தாங்க."

"வேணாம்னு சொன்னியா?"

அக்கா பூவின் அடுத்த இதழைப் பின்ன ஆரம்பித்தாள்.

"அதான. போட்டோவுக்கு மட்டும் நல்லா சிரிச்சிருக்கக்கா."

முதல் சனிக்கிழமை எப்படியோ ஓடிவிட்டது. வெறும் சங்கிலி போடச் சொல்லிக்கொடுத்துவிட்டு அக்கா திரும்பினாள். முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியிருந்தது. எல்லாரும் 'டீச்சர், டீச்சர்' என்றார்களாம். அம்மா அதை மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டாள். வாலு தன் கையை முகர்ந்து பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அடுத்த வாரம் அக்காவின் முகத்தில் ஏறிய அந்த ரத்தம் இறங்க ஆரம்பித்தது. கடையிலிருந்து அந்த இளமஞ்சள் துணியை வாங்கிவந்து மடியில் வைத்துக்கொண்டு பின்னிப் பார்த்தாள். வட்டமாகச் சுற்றிச் சுற்றியே போய்ப் பழகியவளுக்கு, வரிசை முடிந்ததும் துணியைத் திருப்பிக்கொண்டு வரத் தெரியவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் கடைசிப் பின்னலை விட்டுவிட்டு வந்தாள். துணி மேலே போகப் போக ஒடுங்கி, கூம்பிக்கொண்டே போனது. வரப்பைத் தேடிப்பிடித்து நகர்த்தினால், வாலுவின் துணியில் அது சாய்கிற பக்கம் அவள் கொக்கிக்கு வரவே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாலு வேலையிலிருந்து வந்தபோது அந்தக் கூம்பு சோபாவில் கிடந்தது.

"இது என்னக்கா? குக்கருக்குக் குல்லாவா?"

"சிரிக்காத" என்றாள் அம்மா. "நாளைக்கு எல்லார் முன்னாடியும் அவ இதைச் செஞ்சு காட்டணும். உக்காந்து சொல்லிக்குடு. அவ அசிங்கப்பட்டா நம்ம எல்லாருக்குந்தான் அசிங்கம்."

அக்கா சோபாவில் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். அந்த இடத்தைக் கையால் தட்டினாள். "வா, இங்க உக்காரு. மெதுவாப் பின்னு, என்ன? உன் கையைப் பாத்துப் பாத்துப் பின்றேன்."

வாலு உட்கார்ந்தாள். அக்காவின் தோளும் அவள் தோளும் ஒட்டிக்கொண்டிருந்தன. கொக்கியை இடது கையில் எடுத்தாள். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறந்ததிலிருந்து முதல்முறையாக, கையை மாற்று என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

அவள் எதையும் ஒளிக்கவில்லை. ஒவ்வொன்றாக, நிதானமாகப் பின்னினாள். கொக்கி இங்கே போகிறது, தண்டைச் சுற்றுகிறது, நூலை இழுக்கிறது. அக்கா எட்டிப் பார்த்து, வாலுவின் கை போன பக்கமே தன் கையையும் கொண்டுபோனாள். வலது கைக்கு அது ஏற்கெனவே பின்னிக் கடந்து வந்த பக்கம். நூல் முறுக்கியது. வரப்பு பாதியில் மடங்கி விழுந்தது. பிரித்தாள். மறுபடி பின்னினாள். மறுபடி விழுந்தது.

எதிரே தரை காலியாகக் கிடந்தது. விளக்கு வெளிச்சம் அந்த இடத்தில்தான் நன்றாக விழுந்தது.

எதிர்ல உக்காருக்கா. அவ்வளவுதான். இவ்வளவு சின்ன வார்த்தை. வாலுவின் நாக்கு நுனிவரைக்கும் அது வந்துவிட்டது. அக்காவின் விரல்கள் அதே பின்னலில் தடுக்கித் தடுக்கி நிற்பதை அவள் பார்த்தாள். நாளைக்கு அந்தக் கடையில், அந்த மேஜையில், எல்லார் கண்ணுக்கும் முன்னால் அந்த விரல்கள் எப்படித் தடுக்கி நிற்கும் என்பதும் தெரிந்தது. வாயைத் திறந்தேவிட்டாள்.

"ச்சீ" என்று அக்கா நூலை உதறினாள். "நீ பீச்சாங்கை. அதான் எனக்கு எல்லாம் தலைகீழாத் தெரியுது. உன்னைப் பாத்து யார்தான் கத்துக்க முடியும்?"

வாலு வாயை மூடிக்கொண்டாள்.

"நல்லா புரியற மாதிரி சொல்லிக்குடுடி" என்றாள் அம்மா.

"சொல்லிக்கிட்டுத்தானேம்மா இருக்கேன்."

அக்கா மறுபடியும் பிரித்தாள். பின்னிப் பின்னிப் பிரித்த நூல் நேராக நிற்கமாட்டாமல் சுருள் சுருளாக அவள் மடியில் குவிந்தது. "இன்னொரு தடவை காட்டு" என்றாள்.

"தாராளமாக்கா" என்றாள் வாலு. அவளுக்கு நன்றாகத் தெரியட்டும் என்பதுபோல, இன்னும் கொஞ்சம் நெருங்கி, அக்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.